தூக்கிப் பார்த்து வாங்கிய கிட்டார்

மரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கையால் தூக்கிப் பார்ப்பவர் ஃபைஸ். போளூர் ரோட்டிலுள்ள அவருடைய மரக்கடைக்கு லாரியில் வந்து இறங்கும் பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சற்று நேரம் நிற்பார். வைரம் பாய்ந்த மரமா, வெளிவட்டத்து வெள்ளை ஜாஸ்தியா, நன்றாகக் காய்ந்ததா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கனத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு "இருக்கட்டும்" என்பார். இல்லையென்றால் "வேணாம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பக்கம் புரளும் ஓசை மட்டும் கேட்கும். சில சமயம் அதுவும் கேட்காது. விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் உம்மே ஹானி இதைக் கோபம் என்று நினைத்துப் பயந்தாள். பிறகு துக்கம் என்று நினைத்துப் பரிதாபப்பட்டாள். கடைசியில் இரண்டும் இல்லை, மனுஷன் அமைந்த விதமே இதுதான் என்று விளங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசினாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மெல்லச் சொல்லும் அந்த "வேணாம்." கத்திச் சொன்னால் எதிர்த்துக் கத்தலாம். இது பலகையைத் திருப்பி அனுப்புவது போல வரும். ஒருமுறை லேசான அலங்கார மேஜை ஒன்றைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டாள். வேண்டிய இடத்துக்குத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று. "மரத்தூளை அமுக்கிச் செஞ்ச தூள்கட்டை. தண்ணி பட்டா ஊதிடும். வேணாம்" என்றார். பிறகு அவரே தேக்கில் ஒன்று செய்து கொண்டுவந்தார். நாலு பேர் தூக்கி வந்து வைத்த இடத்திலேயே அது நின்றுவிட்டது. காலையில் ஜன்னல் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்து கண் கூசும். முகமே தெரியாது. ஹானி அதைச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்ட ஆசைகளில் அதுவும் ஒன்றாகிப்போனது.

செங்கம் ரோட்டுப் பக்கம் இருக்கும் பல வீடுகளைப் போல அவர்கள் வீட்டு மாடியையும் மழைக்காலம் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். கடந்த சில வருஷங்களாக ஒரே அம்மாள்தான் வந்துகொண்டிருந்தாள். போர்ச்சுகலில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். பெயர் வாயில் நுழையாததால் இவர்களுக்கு அவள் மாடியம்மா. காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரே கண்ணயரும் நேரத்தில், நைலான் தந்தி போட்ட கிட்டாரை எடுத்து வாசிப்பாள். ஹானி துணி எடுக்க மாடிக்குப் போகிறவள் போலப் போய் நிற்பாள். நின்றவளை மாடியம்மா உட்கார வைத்தாள். உட்கார்ந்தவளின் மடியில் கிட்டாரை வைத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விரலைப் பிடித்துத் தந்தியில் வைத்தே சொல்லிக் கொடுத்தாள். ஹானியின் விரல்களில் மூன்று சின்ன மெட்டுகள் ஏறின.

இந்த வருஷம் மாடியம்மா வரவில்லை. முழங்காலில் ஆபரேஷன் என்று போனில் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். இனிமேல் வருவாளா என்பதும் தெரியவில்லை. ஹானி மாடியைப் பெருக்கிவிட்டு வெறும் அறையில் கொஞ்ச நேரம் நிற்பதை ஃபைஸ் கீழிருந்து கவனித்தார். பால் பொங்கக் காத்திருக்கும்போது அவள் சமையல் மேடையில் நாலு விரலால் தட்டிக்கொண்டிருப்பதையும் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் காலை டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, அவள் நகராமல் நின்றாள்.

"என்னங்க, நான் ஒரு கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாடியம்மா கத்துக்குடுத்தது எல்லாம் போய்க்கினே இருக்குது. ரெண்டாவது மெட்டுல பாதி இப்பவே ஞாபகம் இல்ல. தொடாம இருந்தா விரல் மறந்துடும். மொத்தமா போயிட்டா அப்புறம் யாருகிட்ட போய்க் கேக்கறது?" மூச்சு விட்டாள். "பத்தாயிரத்துக்குள்ள, சுமாரானதா இருந்தாப் போதும். நீங்க கூட வந்து மரத்தைப் பாத்துச் சொல்லணும்."

'வேணாம்' வந்துவிடுமோ என்று அவள் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ வேறு யோசனையில் இருந்தார். மரத்தைப் பார்த்துச் சொல்லத் தன்னை அழைக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்ட எதிலும் அவருக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார்.

சின்னக்கடை வீதிப் பக்கத்தில் வல்லரசு என்பவர் வைத்திருந்த இசைக்கருவிக் கடை அது. மேளம், உடுக்கை, ஹார்மோனியம், பள்ளிக்கூட பேண்டு டிரம் எல்லாவற்றுக்கும் நடுவில் கிட்டார்கள் தலைகீழ் வௌவால்கள் போலத் தொங்கின. வல்லரசுக்கு ஃபைஸைத் தெரியும். கடையின் நிலைக்கதவு அவர் கொடுத்ததுதான்.

"வாங்க பாய், வாங்கக்கா. கிட்டாரா? யாருக்கு, பசங்களுக்கா?"

"எனக்கு" என்றாள் ஹானி.

"அக்காவுக்கா! பாய் வீட்ல கிட்டாரு!"

"ஏன், பாய் வீட்ல பிரியாணி தேக்சா மட்டுந்தான் இருக்கணுமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா" என்று வல்லரசு காதைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மாதிரி பாக்கறீங்க?"

"நைலான் தந்தி போட்டது."

"அது யாருக்கா கேக்கறா? எல்லாம் ஸ்டீல்தான் போவுது. நைலான்ல சத்தம் கம்மி. வேணும்னா அதுலயே ஸ்டீல் மாட்டித் தரேன், சத்தம் ஜாஸ்தி வரும்."

"கம்மியாவே இருக்கட்டும். எங்க வீட்ல ஏற்கனவே பேசறவங்க ஜாஸ்தி" என்று ஹானி கணவரைப் பார்த்தாள். அவர் கேட்காதது போல நின்றார்.

நைலான் தந்தியோடு இரண்டுதான் இருந்தன. விலை ஏறக்குறைய ஒன்றே. ஹானி முதலில் எடுத்தது வெளிர் மஞ்சள் முகம் கொண்டதை. மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினாள். ஃபைஸ் அதைக் கையில் வாங்கினார். தூக்கினார். கை ஏமாந்துபோய் ஒரு சாண் மேலே போனது. ஒன்றுமே இல்லாத பெட்டி. நடுவிலிருந்த வட்ட ஓட்டையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மூன்று மெல்லிய மரத்தாள்.

"பிளைவுட்" என்றார்.

தன் கடை வாசலில் 'பிளைவுட் கிடையாது' என்று பலகை மாட்டியிருப்பவர் அவர். அந்தச் சொல்லை உச்சரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "மேல ஒட்டியிருக்கிறது பைன் மாதிரி. மிஷின் பார்ட்ஸ் வருமே பெட்டி, அந்தக் கட்டை."

பிறகு மற்றதை எடுத்தார். கரும்பழுப்பு நிறம், கண்ணாடி போல மினுக்கு. தூக்கியதும் கை தழைந்தது. தழைந்த கையோடு அவர் முகம் மலர்ந்தது.

"ஹானி, இங்க வா. இதப் பாரு. அசல் மரம். இந்த விளிம்புல பாரு, மேல ஓடுற ரேகை அப்படியே உள்ள வரைக்கும் எறங்குது பாத்தியா? ஒட்டு கிடையாது. இழைச்சு எடுத்த ஒரே பலகை. ரேகை எவ்ளோ நெருக்கமா இருக்குது பாரு. மெதுவா வளந்த மரம். தண்ணி தாராளமா கெடைக்கிற எடத்துல மரம் ஒரே வருஷத்துல ஊதிடும், ரேகை அகலமா விழும். பாறைச் சரிவுல நிக்கிற மரம் அப்படி இல்ல. ஒவ்வொரு வருஷமும் யோசிச்சு யோசிச்சு வளரும். ஜவ்வாது மலையில அப்பா கூடப் போனப்ப ஒரு மரம் காட்டினார்..."

வல்லரசு வாயைப் பிளந்தபடி நின்றார். பாய் இத்தனை வார்த்தை பேசி அவரும் கேட்டதில்லை. ஃபைஸ் நிறுத்தவில்லை. அப்பா காட்டிய மரம், அதை வெட்டாமல் விட்டது, வெட்டாததற்குச் சொன்ன காரணம், மரத்துக்கு வெயில் படும் பக்கம் ஒரு மாதிரியும் நிழல் பக்கம் ஒரு மாதிரியும் ரேகை ஓடும் விதம். கிட்டாரின் முதுகைத் தடவியபடியே சொல்லிக்கொண்டு போனார். ஹானி அந்தக் கனத்த கிட்டாரை வாங்கி மடியில் வைத்தாள். தந்தியை அமுக்கினாள். முள்வேலிக் கம்பியை அமுக்குவது போல இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொக்கியில் திரும்பவும் தொங்கிக்கொண்டிருந்த வெளிர் கிட்டாரை ஒருமுறை பார்த்தாள்.

"இது நல்லா இருக்குமா?"

"நம்ம காலத்துக்கும் வரும்."

"சரி. இதையே எடுத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் மாடிக்குப் போனாள். ஃபைஸ் கீழே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல் காது கொடுத்தார்.

மாடியம்மா வாசிக்கும்போது ஒவ்வொரு ஒலியும் தந்தியிலிருந்து கிளம்பி, கூரை வரைக்கும் போய், அங்கிருந்து மெதுவாகக் கரையும். அது முழுக்கக் கரைந்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கும். அதைக் கேட்கவே அவர் மத்தியானங்களில் கடையிலிருந்து சீக்கிரம் சாப்பிட வந்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கிட்டாரில் ஒலி கிளம்பவே இல்லை. நிலையில் ஆணி அடித்தது போல 'டொப்' என்று விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. புதுசு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டொரு நாளில் ஹானியின் விரல்களில் பிளாஸ்திரி ஏறியது.

"கத்தி பட்டுச்சா?"

"இல்லங்க, தந்தி. பழகிடும்."

பழகவில்லை. ஒரு வாரம் போனதும் மாடியில் சத்தம் நின்றது. மௌனத்தில் ஊறிப்போன ஃபைஸுக்கு அதன் தினுசுகள் தெரியும். படிக்கிறவன் மௌனம் வேறு, பசியின் மௌனம் வேறு, சொல்ல நினைத்ததை ஒருவர் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் மௌனம் வேறு. இது மூன்றாவது. சமையல் மேடையில் விரலால் தட்டுவதும் நின்றுபோயிருந்தது. பால் பொங்கும் வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மெட்டுகளும் அவள் விரல்களிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருப்பதை, அதுவும் தான் தேர்ந்து கொடுத்த மரத்தால் போய்க்கொண்டிருப்பதை, அவர் கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிட்டாரைக் கடைக்கு எடுத்துப் போனார். கடையில் தச்சு வேலை பார்க்கும் மண்ணாங்கட்டி, அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பீடியை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், நிலைக்கதவு செஞ்ச கையால பாட்டுப் பொட்டி ரிப்பேரா?"

"தந்தி ஒசரமா நிக்குது. அதான் விரலை அறுக்குது."

உண்மைதான். தந்திக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரலையே நுழைக்கலாம் போலிருந்தது. தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டையைக் கழற்றி அடியில் தேய்த்தால் அவை கீழே இறங்கும் என்று ஃபைஸ் கணக்குப் போட்டார். தேய்த்தார். மாட்டிப் பார்த்தார். கொஞ்சம் இறங்கியது.

"இன்னும் ஒரு இழைப்பு போடுங்க பாய்" என்றார் மண்ணாங்கட்டி. "கதவு புடிச்சா அடியில இழைக்கிறதில்லியா? ஒரு இழைப்பு ஜாஸ்தியானாலும் கதவு நல்லா சுத்துமே தவிர கெடாது."

கதவு விஷயத்தில் அது சரி. ஃபைஸும் தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டு இன்னும் ஓர் இழைப்பு தேய்த்தார்.

சாயங்காலம் கிட்டாரை ஹானியின் மடியில் வைத்தார். "இப்ப பாரு."

அவள் தந்தியை அமுக்கி மீட்டினாள். ஜ்ஜிர்ர்ர்ர் என்றது. அடுத்ததை மீட்டினாள். அதுவும் ஜ்ஜிர்ர்ர். தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஆறு தந்தியும் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளில் இடித்து அதிர்ந்தன. ஃபைஸ் பரீட்சை எழுதிய பையன் போல நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு இழைப்பு ஜாஸ்தி எடுத்துட்டேன்" என்றார்.

ஹானி கிட்டாரின் மேல் நெற்றியைச் சாய்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட, மறுபடி ஒரு தந்தியை மீட்டி, அந்த வண்டின் சத்தத்தைக் கேட்டு மறுபடி சிரித்தாள்.

"எத்தினி வருஷத்துக்கு வரும்னு சொன்னீங்க? நம்ம காலத்துக்குமா?"

"ஹானி, மரம் அசல்தான்."

"அசல்தான். யாரு இல்லன்னது? மாடியம்மா கிட்டாரைத் தூக்கினா காலி முறம் தூக்கின மாதிரி இருக்கும். இது அம்மி. கடையில மடியில வச்சப்பவே தெரியும்."

ஃபைஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "கடையிலயே தெரியுமா?"

"ம்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நீங்க பேசிக்கினு இருந்தீங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"மரம் யோசிச்சு யோசிச்சு வளரும்னீங்க. உங்க அப்பா ஒரு மரத்தை வெட்டாம விட்டதைச் சொன்னீங்க. அவர் போய் இத்தினி வருஷம் ஆச்சு, அந்தக் கதைய எங்கிட்ட நீங்க ஒரு தடவகூடச் சொன்னதில்ல. நடுவுல வாயத் தொறந்து, இது வேணாம், அதுதான் வேணும்னு சொன்னா நிறுத்திடுவீங்க. அப்புறம் எப்பப் பேசுவீங்கன்னு யாருக்குத் தெரியும்? போவட்டும், கிட்டார்தானேன்னு விட்டுட்டேன்."

வெளியே யாரோ ஆட்டோவைத் திருப்பும் சத்தம் கேட்டது. ஃபைஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அவளுக்காகத் தேர்ந்தார். அவள் அவருக்காக வாங்கினாள். நடுவில் கிட்டார் ஊமையாகிவிட்டது. அலங்கார மேஜை அவர் நினைவுக்கு வந்தது. அதில் அவள் முகம் பார்த்து அவர் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஹானியே கேட்டாள்: "அந்த வெளிர் கலரு இன்னும் இருக்குமா?"

"அது பிளைவுட்."

"தெரியும்."

'வேணாம்' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அவர் பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்துக்கொண்டார்.

காலையில் கடைக்குப் போனதும் கனமான வேங்கைக் கட்டை ஒன்றை எடுத்து நிறுத்தி, விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். டொக். ஒரு தேக்குப் பலகையைத் தட்டினார். டொக். எல்லாம் அந்த மாடிச் சத்தம்தான். மெல்லிய சட்டத்தைத் தட்டினார், கொஞ்சம் பேசியது. கடைசியாக, ஏதோ சாமான் சுற்றி வந்து மூலையில் கிடந்த மெல்லிய பிளைவுட் தகடு ஒன்றைத் தயக்கத்தோடு எடுத்து, இரண்டு விரலால் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினார். டம்ம்ம் என்றது. விரலில் அதிர்வு ஓடியது.

"இன்னா பாய், மேளம் கத்துக்கிறீங்களா?" என்றார் மண்ணாங்கட்டி.

ஃபைஸ் திரும்பவும் தட்டினார். டம்ம்ம். கனமான மரம் நிற்பதற்கு ஆனது. கூரையைத் தாங்கும், கதவைத் தாங்கும், நூறு வருஷம் அசையாது. ஆனால் இந்தப் பெட்டிக்கு அசைவதுதான் வேலை. தந்தி துடித்தால் கூடத் துடிக்க வேண்டும். வாழ்நாள் பூராவும் அசையாத மரத்தையே தேடித் தேடி எடுத்த கையால், அசைய வேண்டியதை எடைபோட்டிருக்கிறார்.

போனை எடுத்தார். "ஹானி, கெளம்பி நில்லு. வல்லரசு கடைக்குப் போலாம்."

"இன்னிக்குப் பௌர்ணமிங்க. வண்டி விட மாட்டாங்க."

"நடக்கலாம்."

வழியெல்லாம் கிரிவலக் கூட்டம். வண்டி போகும் மட்டும் போய் அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, எதிரே வரும் ஜனங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெளிர் கிட்டார் அதே கொக்கியில் தொங்கியது. ஹானி முகம் மலர்ந்து கிட்டத்தில் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

"என்ன வல்லரசு இது? ஸ்டீல் மாட்டியிருக்கீங்க?"

"நைலான்ல யாரும் கேக்கலக்கா. ஒரு பையன் பாத்துட்டு, ஸ்டீல் மாட்டி வைங்கண்ணே, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னான். நாலு நாளா இப்படித்தான் கெடக்குது. இப்ப கேட்டுப் பாருங்க, கணீர்னு இருக்கும்."

"இதுக்கு ஸ்டீல் போடவே கூடாது. அந்த இழுப்பைத் தாங்காது, தந்தி கட்டியிருக்கிற கட்டையைப் பேத்துடும்னு மாடியம்மா கை வச்சுக் காட்டியிருக்காங்க." அவள் குரல் இறங்கியது. "போச்சு. வாங்க போலாம்."

ஃபைஸ் கிட்டாரைக் கொக்கியிலிருந்து எடுத்தார். இந்த முறை தூக்கிப் பார்க்கவில்லை. முதலில் ஆறு திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் கோணலைப் பார்ப்பது போல, கழுத்தின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டினார். வெளிச்சத்தில் சாய்த்து, தந்திகளைப் பிடித்திருந்த கட்டைக்குப் பின்னால் முகப்பலகை உப்பியிருக்கிறதா என்று பார்த்தார். லேசாக உப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து அந்தக் கட்டையின் அடியில் நுழைக்கப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் நுழையவில்லை. பசை விடவில்லை. நகத்தால் சுற்றிலும் தட்டினார். எங்கும் ஒரே சத்தம்.

ஹானி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ஃபைஸ் ஓட்டையின் விளிம்பிலிருந்த மூன்று தாள்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஒரே பலகையா இருந்திருந்தா ரேகையோட பிளந்திருக்கும்" என்றார் மெதுவாக. "குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கிறதால தாங்கிச்சு. பிளைவுட்டா இருந்ததால தப்பிச்சுது."

"யோவ், யாராச்சும் கேட்டீங்களா? ஃபைஸ் பாய் வாயால பிளைவுட்டுக்கு நல்ல வார்த்தை!" என்று வல்லரசு தெருவைப் பார்த்துக் கூவினார். கிரிவலம் போகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"நைலான் தந்தி போடுங்க" என்றார் ஃபைஸ்.

"அந்தப் பையன் வருவானே பாய்?"

"அவனுக்கு ஸ்டீலுக்குன்னு செஞ்சதே ஒன்னு குடுங்க. அவன் கிட்டாராவது பொழைக்கட்டும்."

தந்தி மாற்றினார்கள். ஹானி போனைப் பார்த்துச் சுருதி சேர்த்தாள். புது நைலான் நழுவிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப முறுக்கினாள். ஒவ்வொரு தந்தியையும் சும்மா மீட்டிவிட்டு, பிறகு சரிபாதியில் அமுக்கி மீட்டினாள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே பிசகாமல் வந்தது. தந்தி மெத்தென்று அமுங்கியது. பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு முதல் மெட்டை வாசித்தாள். இரண்டாவதில் பாதி வழியில் தடுமாறினாள். நின்றாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தாள். விரல் தானாகவே அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. மீதி மெட்டு வந்துவிட்டது.

கடைசி ஒலி கிளம்பி, தொங்கிக்கொண்டிருந்த மேளங்களுக்கு நடுவில் போய், தெருவின் இரைச்சலிலும் கொஞ்ச நேரம் நின்றது. அது அடங்கும் வரை ஃபைஸ் அசையவில்லை.

ஹானி தலை நிமிர்ந்தாள். கண்ணில் பழைய பயம் ஒரு கணம் தெரிந்தது. "என்னங்க, மரம் எப்படி?"

"மரம் மட்டம்" என்றார். பிறகு முகப்பலகையை விரலால் ஒருமுறை தட்டினார். "கிட்டார் நல்லா இருக்கு. எடுத்துக்க. இதுக்குக் காசு நான் தரேன்."

வல்லரசு உறை போட்டுக் கொடுத்தார். "முதல்ல எடுத்ததை மாத்திக்கலாம்னு பாத்தா, பட்டைய நீங்க இழைச்சுட்டீங்கன்னு அக்கா சொல்றாங்க. எப்படி பாய் நான் திருப்பி எடுத்துப்பேன்?"

"திருப்பித் தர மாட்டோம்" என்றாள் ஹானி. "அது அவரோடது. நான் வாசிக்கும்போது அவர் அதைத் தடவிக்கினு உக்காந்திருக்கட்டும்."

வெளியே வந்தார்கள். கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. ஃபைஸ் கிட்டாரைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையால் இடம் செய்துகொண்டு முன்னால் நடந்தார். சற்று தூரம் போனதும் நடையைத் தளர்த்தி அவளோடு சேர்ந்துகொண்டார்.

"பிளைவுட்ல தாளை எப்பவும் ஒத்தைப்படையிலதான் ஒட்டுவாங்க, தெரியுமா உனக்கு? மூணு, அஞ்சு, ஏழு."

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் ரேகை ஒரே திக்குல இருக்கணும். இல்லன்னா ஒரு பக்கமா வளைஞ்சுக்கும். நடுவுல இருக்கிறது குறுக்கால ஓடி ரெண்டையும் புடிச்சுக்கும். வெயில், மழை, எது வந்தாலும் மேல இருக்கிறது விரியப் பாத்தா இது விடாது. அப்பா ஒரு தடவ மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் போனாரு. பெரிய அடிமரத்தை அப்படியே சுத்தவிட்டுப் பென்சில் சீவற மாதிரி..." சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். "கூட்டத்துல இதெல்லாம் என்னத்துக்கு. போரடிக்குதா?"

எதிரே வந்த ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஹானி, கிட்டாரின் தலைப்பக்கம் யார் மேலும் இடிக்காமல் தன் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நடங்க" என்றாள். "அந்த மரத்தைச் சுத்தவிட்டு? அப்புறம்?"